விசில் கேட்டால் எந்தப் பக்கம்

1

இந்த நாட்டில் கடலில் இறங்குகிறவர்கள் கரையில் இருக்கும் ஒருவரிடம் சொல்லிவிட்டுத்தான் இறங்க வேண்டும். எங்கே போகிறோம், எத்தனை பேர், படகு என்ன நிறம், எப்போது திரும்புவோம், திரும்பாவிட்டால் எந்த நேரத்தில் யாருக்குப் போன் செய்வது, எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும். போன மாதம் ஒரு சனிக்கிழமை, அப்படி ஒப்படைக்கப்பட்ட கரை ஆள் நான்.

நியூசிலாந்தில் மகள் வீட்டுக்கு வந்து ஐந்து வருடம் நிறைந்த வாரம் அது. ஊருக்கு எழுதும்போதெல்லாம் இங்கத்திய குளிர், ஆப்பிள், குப்பையை நிறம் பார்த்துப் பிரித்துப் போடும் தொல்லை என்று எதையாவது எழுதுவேன். இந்த முறை கோபத்தில் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கேட்கப் போவதில்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பட்டாசுத் தொழிற்சாலைகளைச் சோதனையிடும் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை பார்த்து, விருதுநகரில் ஓய்வு பெற்றவன். ஒரு விதியைக் காட்டினால் அதில் இருக்கும் ஓட்டைதான் முதலில் என் கண்ணில் படும். அதற்காகத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். அந்த ஓட்டையை அடைப்பதற்கு யாருக்கும் சம்பளம் கொடுக்கவில்லை என்பது போகப்போகத் தெரிந்தது.

2

பேத்தி மீராவுக்குப் பதினான்கு வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். அவளிடம் பேசாமல் வேறு யாரிடமாவது பேசினால் தமிழ் முழுக்கப் புரியும். பள்ளித் தோழிகள் கடலில் கயாக் விடுகிறார்கள் என்று அவளுக்கும் ஆசை வந்தது. கயாக் என்பது ஒருவர் உட்காரும் ஒல்லிப் படகு. இடுப்புக்குக் கீழே படகுக்குள், மேலே வெளியே. கையில் இரண்டு முனையும் தட்டையான ஒரே துடுப்பு. மகள் கலா ஆஸ்பத்திரியில் நர்ஸ். சனி, ஞாயிறு அவளுக்கு விடுமுறை கிடையாது. எனவே கயாக் கிளப்பின் ஆரம்பநிலைப் பாதுகாப்பு வகுப்புக்கு மீராவோடு நான் போனேன், குறை கண்டுபிடிக்கலாம் என்ற நம்பிக்கையோடு.

நடத்தியவர் ஹெலன் என்ற பெண்மணி. வெயிலைப் பார்த்து உடுத்தாதீர்கள், தண்ணீரைப் பார்த்து உடுத்துங்கள் என்று ஆரம்பித்தார். வெளியே வெயில் அடிக்கும். கடல் பனிக்கட்டி போல இருக்கும். பருத்திச் சட்டையோடு விழுந்தவனுக்கு முதலில் மூச்சு திணறும், பிறகு கை வேலை செய்யாது. நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசும் காற்றை நம்பாதீர்கள் என்றார். கரையோரம் தண்ணீர் கண்ணாடி மாதிரிதான் இருக்கும். போவது சுலபம், வருவதுதான் நடக்காது. படகு கவிழ்ந்தால் இடுப்பைச் சுற்றியிருக்கும் மூடியின் வாரை இழுத்து வெளியே வா, வந்ததும் படகைப் பிடி, கரையை நோக்கி நீந்தாதே. நீச்சல் தெரிந்தவர்கள்தான் படகை முதலில் விடுகிறார்கள் என்று அவர் சொன்னபோது, ஊரில் கிணற்றில் குதித்து வளர்ந்த நான் வாயை மூடிக்கொண்டேன்.

லைஃப் ஜாக்கெட்டில் ஒரு விசில் கட்டியிருந்தது. மூன்று முறை ஊதினால், எனக்கு உதவி வேண்டும், என்னிடம் வா என்று பொருள்.

சொன்னதோடு விடவில்லை. ஆழமில்லாத இடத்தில் ஒவ்வொருவரையும் கவிழ்த்தார். மீரா தலைகீழாகப் போனபோது நான் பெஞ்சைவிட்டு எழுந்துவிட்டேன். அவள் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள், ஒரு கை படகில்.

குறை கிடைக்கவில்லை. எரிச்சலாக இருந்தது. என் காலத்திலும் விதிகள் இதே மாதிரி நல்ல விதிகள்தான். ஓர் அறைக்கு நான்கு பேர். இரண்டு கதவு, இரண்டும் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இரும்பு ஆகாது. இடி இடித்தால் வேலையை நிறுத்து. தொழிற்சாலை வாசலில் சிவப்பு எழுத்தில் எழுதியிருக்கும். ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை பெயிண்ட் புதுசாக அடிப்பார்கள். பின்பற்றப்பட்டது அந்தப் பெயிண்ட் மட்டும்தான்.

வீட்டுக்கு வரும் வழியில் மீராவுக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்தேன். துடுப்பு, கவிழ்வது, கரை. "விசிலுக்குத் தமிழ்ல என்ன?" என்றாள். விசில்தான் என்றேன். எங்கள் வீட்டில் மொழிபெயர்க்க வேண்டாத சொல் அது ஒன்றுதான் என்று இருவரும் சந்தோஷப்பட்டோம்.

3

அந்தச் சொல்லைப் பற்றி ஊர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

சிவகாசிப் பக்கம் பல தொழிற்சாலைகளில் வாசலில் நிற்கும் வாட்ச்மேனிடம் ஒரு விசில் இருக்கும். திருத்தங்கல் சாலையிலிருந்து எங்கள் ஜீப் மண் பாதையில் திரும்பும் தூசி தெரிந்ததும் ஊதுவான். நான்கு பேர் இருக்க வேண்டிய அறைகளிலிருந்து மிச்சப் பேர் எழுந்து பின்பக்கமாக ஓடுவார்கள். வேலியில் அதற்கென்றே ஒரு வழி. அந்தப் பக்கம் சீமைக் கருவேலங்காடு. நாங்கள் போகும்வரை முள்ளுக்குள் உட்கார்ந்திருப்பார்கள்.

நான் உள்ளே நுழையும்போது அறைக்கு நான்கு பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சுவரோரம் பதினொரு தூக்குவாளி இருக்கும்.

"நாலு பேருக்கு எதுக்குய்யா இத்தனை தூக்குவாளி?"

"நாலு பேருக்கும் நல்ல பசி சார்" என்பான் கண்காணி.

ஒருமுறை நான் வாசல் வழியாகப் போகவில்லை. ஜீப்பை வாசலுக்கு அனுப்பிவிட்டு, சுற்றிக்கொண்டு கருவேலங்காட்டுப் பக்கம் நடந்தேன். பெண்கள் கூட்டமாக முள்ளுக்குள் உட்கார்ந்திருந்தார்கள். முழங்கைவரை அலுமினியப் பொடி அப்பி, கை இரண்டும் வெள்ளி மாதிரி மின்ன, நிறைமாதக் கர்ப்பிணி ஒருத்தி என்னை நிமிர்ந்து பார்த்தாள். கம்பெனி ஆள் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது.

"ஆபீசரு போயிட்டாகளா சார்?" என்றாள்.

கண்டதைக் கண்டபடி எழுதினேன். வழக்கு நடந்தது, அபராதமும் போட்டார்கள். டீச் செலவில் அடங்கிவிடும் அபராதம். அடுத்த முறை போனபோது ஒரே ஒரு சீர்திருத்தம் நடந்திருந்தது. விசிலை முன்கூட்டியே ஊதினார்கள். என்னை அலுவலகத்துக்குள்ளேயே உட்காரும் வேலைக்கு மாற்றினார்கள். காரணம் கேட்டேன். நிர்வாக நலன் என்று பதில் வந்தது.

பதிவின்படி இருந்திருக்கவே முடியாத ஆட்களை, வெடித்த பிறகு ஆஸ்பத்திரி வராந்தாவில் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். அவர்கள் ஓடப் பழகியிருந்தார்கள். ஆனால் நெருப்பு வரும்போது யாரும் விசில் ஊதுவதில்லை.

4

என் மனைவி செண்பகத்தின் தம்பி ராஜபாண்டி, நாரணாபுரத்துக்கு அந்தப் பக்கம் ஒரு சின்னத் தொழிற்சாலையில் பங்குதாரர். சின்ன வயதில் அங்கேயே கூலிக்கு இருந்து, அந்த விசிலுக்கு ஓடியவன். பிறகு கண்காணியாகி மற்றவர்களை ஓட்டியவன். கெட்டவன் என்று யாரும் சொல்ல முடியாது. ஆளுக்கு ஒரு கஷ்டம் என்றால் முதலில் போய் நிற்பான். நான் பதவியில் இருந்தவரை அந்தத் தொழிற்சாலையைச் சோதிக்க வேறு அதிகாரியை அனுப்பும்படி எழுதிக் கொடுத்துவிட்டேன். செண்பகத்தின் வீட்டில் அதை இன்னும் மறக்கவில்லை.

தீபாவளி சீசன் முடிந்து கம்பெனிக்கு லீவு விட்டதும், அக்காவைப் பார்க்க வந்தான். புது டிஜிட்டல் கேமராவோடு வந்தான். வந்த மூன்றாம் நாளே அலுத்துவிட்டது.

"என்னத்தான் இது, குப்பை போடக்கூட கலர் பாக்கணுமா? ரோட்ட கடக்க பொத்தானை அமுக்கிட்டு நிக்கணுமா? இங்கன மனுசன் எப்படித்தான் பொழைக்கான்?"

"உசுரோட பொழைக்கான் மாப்ள" என்றேன்.

செண்பகம் சமையலறையிலிருந்து குரல் கொடுத்தாள். "வந்த பிள்ளைகிட்ட ஆபீஸ் பேச்சு பேசாதீக."

மீரா முதல் கடல் பயணத்துக்குப் போகிறாள் என்றதும் அவனும் வருகிறேன் என்றான். புதிதாகச் சேர்கிறவர்களுக்கு ஹெலன் முதல் நாள் மாலை மறுபடி வகுப்பு எடுத்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தேன். படகின் வாயை மூட இடுப்பில் மாட்டும் துணியைப் பார்த்துவிட்டு, "என்னத்தான், பாவாடை குடுக்காக?" என்றான். "இந்தப் போட்டோ சிவகாசிக்குப் போச்சுன்னா ஒருத்தன் ஆர்டர் குடுக்க மாட்டான்."

"மாட்டு மாப்ள. கவுந்தா தண்ணி உள்ள போகும்."

"நெருப்போட முப்பது வருசம் இருந்தவன் நான். தண்ணி என்னத்தச் செய்யும்?"

"நெருப்போட இருந்தது ஒன் ஆளுக. நீ ஆபீஸ் ரூம்ல இருந்த."

சிரித்தான். என்ன குத்தினாலும் சிரிப்பான். விசில் வந்தபோது, "அது தெரியும் அத்தான், அதப் போயி நமக்குச் சொல்லணுமாக்கும்" என்றான். நான் விடவில்லை. மூன்று தடவை ஊதினால் உதவிக்குக் கூப்பிடுகிறார்கள், ஊதுகிற பக்கம் போக வேண்டும் என்று தெளிவாகச் சொன்னேன். தலையாட்டினான். மீராவும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

5

சனிக்கிழமை காலை ஹெலனும் அவருடைய உதவியாளரும் முன்னால், புதியவர்கள் நடுவில், மீராவும் ராஜபாண்டியும் கடைசியில் என்று படகுகள் போயின. கடலுக்குள் நீண்டிருக்கும் நில முனையைத் தாண்டி ஒரு பாறைக் கூட்டம்வரை போய், மதியத்துக்குள் திரும்புவது திட்டம். நானும் செண்பகமும் கரையில், புளியோதரை, பிளாஸ்கில் டீ.

முற்பகலில் என் முதுகில் காற்று பட்டது. கிளப் கொடி கடல் பக்கமாக விறைத்து நின்றது. நிலத்துக் காற்று.

முனைக்கு அப்பால் நடந்ததை மீராவும் ஹெலனும் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். ஹெலனும் காற்றைப் பார்த்து எல்லோரையும் திருப்பினார். ராஜபாண்டி மட்டும் பின்தங்கி, லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டான். போட்டோவில் சாக்குமூட்டை மாதிரி தெரியுமாம். "பாப்பா, ஒரே ஒரு போட்டோ எடுத்துக் குடு" என்று கேமராவை நீட்டினான். அவள் படகை நிறுத்தி எடுத்துக் கொடுத்தாள். அவன் வாங்கிக்கொண்டு முன்னால் நகர்ந்தான். அவள் துடுப்பை எடுக்கத் திரும்பியபோது பக்கவாட்டில் ஒரு காற்று அடித்துப் படகு கவிழ்ந்தது.

சொல்லிக் கொடுத்த எல்லாவற்றையும் அந்தப் பிள்ளை செய்தது. வாரை இழுத்து வெளியே வந்தது. படகைப் பிடித்தது. நீந்தவில்லை. மூன்று முறை விசில் ஊதியது. மறுபடியும் மூன்று.

எல்லோரிலும் பக்கத்தில் இருந்தவன் ராஜபாண்டி. கூப்பிடு தூரம். விசில் கேட்டதும் அவன் திரும்பவில்லை. துடுப்பைப் பலமாகப் போட்டு நேராகப் பாறைக்கு அந்தப் பக்கம் போய் மறைந்துவிட்டான்.

முன்னால் இருந்த ஹெலனுக்குக் காற்றில் விசில் கேட்கவில்லை. ஆனால் அவர் கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை தலை எண்ணுகிறவர். இரண்டு குறைந்தது. மற்றவர்களை உதவியாளரோடு முனையின் மறைவில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் போய், மீராவைப் படகில் ஏற்றினார். எங்கள் ஊரிலும் தலை எண்ணுவார்கள், குறைத்துக் காட்டுவதற்காக.

சொன்ன நேரம் தாண்டியது. உடனே போனை எடுத்தேன். பதற்றத்தில் ஆபீஸ் ஆங்கிலம் வந்துவிட்டது. என் பேத்தி 'அவுட் ஆஃப் ஸ்டேஷன்' என்றேன். எந்த ஸ்டேஷன் என்று கேட்டாள் எதிர்முனையில் இருந்த பெண். முப்பது வருடம் நான் எழுதிய ஆங்கிலம் கடலுக்கு அந்தப் பக்கம் செல்லாது என்று அப்போதுதான் தெரிந்தது. ஒப்படைத்திருந்த திட்டத்தை அப்படியே வாசித்தேன். இடம், படகின் நிறம், ஆட்கள், நேரம். அதற்குப் பிறகு அவள் கேள்வி கேட்கவில்லை. மீட்புப் படகு கிளம்பிவிட்டது என்றாள்.

அது வருவதற்குள் முனையைச் சுற்றி கயாக்குகள் வந்தன. எண்ணினேன். குறையவில்லை. மீராவின் உதடு நீலம். செண்பகம் முந்தானையை அவிழ்த்து அவளைச் சுற்றிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். மீட்புப் படகுக்காரர்கள் எங்கள் டீயைக் குடித்துவிட்டு, கூப்பிட்டது சரி என்று சொல்லிப் போனார்கள். வீண் அலைச்சலுக்கு என்னிடம் யாரும் விளக்கம் கேட்கவில்லை.

ராஜபாண்டி கடைசியாகக் கரை ஏறினான். லைஃப் ஜாக்கெட் மேலிருந்து கீழ்வரை எல்லாப் பூட்டும் போட்டு, வாரெல்லாம் இழுத்துக் கட்டி, சோதனைக்குத் தயாரான அறை மாதிரி இருந்தான்.

"விசில் கேட்டுச்சா மாப்ள?"

"கேட்டுச்சு அத்தான்."

"பெறகு?"

"நான் சட்டையைக் கழட்டுனத அந்தம்மா பாத்துட்டு ஊதுதுன்னு நெனச்சேன். அங்கிட்டு போயி மாட்டிட்டு வந்துட்டேன்."

"மூணு தடவ ஊதுனா என்னன்னு நேத்து சாயங்காலம் சொன்னேன்ல?"

"சொன்னீக. அந்நேரம் அதெல்லாம் எங்க ஞாபகம் வருது? கை தன்னால திரும்பிருச்சு."

"திரும்பிக்கூடப் பாக்கலையா?"

அவன் எனக்குப் பாடம் சொல்வதுபோலச் சொன்னான். "விசில் கேட்டா திரும்பிப் பாக்கக்கூடாதுல்ல அத்தான். திரும்பிப் பாக்கிறவன்தான மாட்டுவான்."

6

கிளப்பில் ஒரு வழக்கம். ஏதாவது தவறு நடந்தால், தண்ணீரில் இருந்தவர்கள் எல்லோரும் அந்த வாரத்திலேயே உட்கார்ந்து, நடந்ததை ஒவ்வொருவராகச் சொல்ல வேண்டும். கூட்டத்துக்கு முந்தின நாளெல்லாம் ராஜபாண்டி சாப்பிடவில்லை.

"பாஸ்போர்ட்ல எழுதிருவாகளோ?"

"எழுத மாட்டாக."

"அபராதமா?"

"இல்ல."

"பெறகு எதுக்குக் கூப்பிடுறாக? அத்தான், கேக்கலன்னு சொல்லிருங்க. காத்து அம்புட்டு அடிச்சுச்சுல்ல. கேக்கல, அம்புட்டுத்தான்."

செண்பகமும் சேர்ந்துகொண்டாள். "சொல்லிட்டுத்தான் போங்களேன். ஊருக்குப் போற பையன். புள்ள நல்லாத்தான இருக்கா? அவன் என்ன வேணும்னா செஞ்சான்?"

வேண்டுமென்று யாருமே செய்வதில்லை. அந்த ஆஸ்பத்திரி வராந்தாக்களிலும் இதே சொல்தான் என் காதில் விழுந்தது.

கூட்டத்தில் அவன் முறை வந்தது. தமிழில் என்னிடம் சொன்னான். நான் ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னேன்: "தனக்கு விசில் கேட்கவில்லை என்று உங்களிடம் சொல்லச் சொல்கிறார்."

ஹெலன் என்னைப் பார்த்தார். என் பக்கத்திலிருந்து மீரா தமிழில் பேசினாள். அவனைப் பார்த்துத்தான் பேசினாள்.

"கேட்டுச்சுன்னு அன்னைக்கு சொன்னீங்க தாத்தா. நான் உங்க முதுகப் பாத்துக்கிட்டேதான் ஊதினேன். நீங்க போயிட்டே இருந்தீங்க."

ராஜபாண்டி தலையைக் குனிந்தான். இந்தத் தடவை எல்லாவற்றையும் சொன்னான். வாட்ச்மேன், ஜீப், வேலியில் இருக்கும் வழி, கருவேலங்காடு, எல்லாம். நான் மொழிபெயர்த்தேன். சர்க்கார் கோப்பில் முப்பது வருடம் நிற்க வைக்க முடியாத வாக்குமூலம், கயாக் கிளப்பில் பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் கிடைத்தது.

யாரைத் தண்டிப்பது என்று அங்கே யாரும் கேட்கவில்லை. அவருக்கு விசிலின் பொருள் தெரிந்திருந்ததா என்று கேட்டார் ஹெலன். எனக்குக் கோபம் வந்தது. நானே தெளிவாகச் சொன்னேன் என்றேன்.

"காதுக்குச் சொன்னோம்" என்றார். "கவிழ்வதை மட்டும் தண்ணீரில் பழக்குகிறேன். விசிலை வாயால் சொல்லிவிட்டுப் போய்விட்டேன். அது என் தவறு."

அடுத்த வகுப்பிலிருந்து விதி மாறிவிட்டது. புதியவர்கள் எல்லோரும் ஆழமில்லாத தண்ணீரில் படகில் உட்கார வேண்டும். எங்கிருந்தோ விசில் ஊதுவார்கள். கை தானாக அந்தப் பக்கம் திரும்பும்வரை திரும்பத் திரும்ப ஊதுவார்கள்.

கவனியுங்கள். ஒரு பிள்ளை நனைந்தது, குளிரில் நடுங்கியது, அவ்வளவுதான். சாவு இல்லை, மறியல் இல்லை, விசாரணைக் குழு இல்லை, நிவாரண அறிவிப்பு இல்லை. இதற்கு ஒரு வாரத்தில் விதி மாறியது. எங்கள் ஊரில் விதியை மாற்ற எத்தனை பேர் வேண்டும் என்று நான் பதவியில் இருந்தபோது மேலே எழுதிக் கேட்டிருக்க வேண்டும். நிச்சயம் ஒரு படிவம் இருந்திருக்கும். அந்தக் கர்ப்பிணிக்கு என்னவாயிற்று என்று எனக்குத் தெரியாது. அவள் பெயர் எந்தப் பதிவிலும் இல்லை. அவள் முள்ளில் உட்கார்ந்திருந்தபோது அறையில் இல்லை, அறையில் இருந்தபோது பதிவில் இல்லை. அவள் பெற்ற பிள்ளைக்கு இப்போது மீராவைவிடக் கூட வயதிருக்கும். அந்தப் பிள்ளையும் இன்று காலை ஒரு விசில் கேட்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடியிருக்கலாம்.

7

விமான நிலையத்துக்கு எல்லோரும் போனோம். பெட்டியை அனுப்பிவிட்டு வந்த ராஜபாண்டி உற்சாகமாக இருந்தான். கைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துக் காட்டினான். ஆரஞ்சு நிறத்தில் இரண்டு விசில். கிளப் பக்கத்துக் கடையில் வாங்கியிருக்கிறான்.

"எதுக்கு மாப்ள?"

"நல்ல ஐட்டம் அத்தான். தண்ணி பட்டாலும் ஊதும், துருப்பிடிக்காது. மழைக்காலத்துல நம்ம வாட்ச்மேன் விசில் கம்மிப்போகுது."

எந்தப் பிரிவில் எந்த உட்பிரிவைச் சொல்வது என்று தெரியவில்லை.

இவ்வளவு நாளும் தம்பி பக்கமே நின்ற செண்பகம் கையை நீட்டினாள். "குடுலே இங்க."

"அக்கா, அது வாசல் கேட்டுக்கு..."

"எம் பேத்தி தண்ணிக்குள்ள கெடந்து ஊதுனது இதத்தான? குடு."

கொடுத்தான். பிறகு வழக்கம்போலச் சிரித்தான். "ஊருல கெடைக்காதாக்கும்."

கிடைக்கும். எல்லாப் பெட்டிக்கடையிலும் கிடைக்கும். அவனும் வாங்குவான், வாட்ச்மேனும் ஊதுவான். அடுத்த சீசனுக்கு ஆர்டர் வந்துவிட்டதாம். செண்பகம் பொட்டலத்தை மீராவிடம் கொடுத்துவிட்டு, அவனைத் திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தாள்.

கார் நிற்கும் இடம் தூரம். செண்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டு எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள். மீரா ஒரு விசிலை வாயில் வைத்து மூன்று முறை ஊதினாள்.

செண்பகம் நின்றாள். சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எங்களை நோக்கி ஓடி வந்தாள்.